வரலாற்றுக் காதல் நவீனங்களும் முன்னேஸ்வரக் கரையும்

1

தமிழில் மிகப் பெருந்தொகையான வாசகரைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்றுவரும் நவீன வகை யாது என வினவின், வரலாற்றுக் காதல் நவீனம் என்றே விடை கூறவேண்டியிருக்கும். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அது புதிய பதிப்புகளைக் கண்டது. 2022இலும் 2023இலும் இரு பகுதிகளாகத் திரைப்படமாகியது. அதன் விளைவாக, தமிழ் எழுத்தை அரிதாகவே வாசிக்கும் இளைஞர்கூட அந்த ஐந்து பாகங்களையும் வாங்கிப் படிக்கத் தலைப்பட்டனர். சமூக நவீனங்களுட் பெரும்பாலானவை மறுபதிப்பின்றி மறைந்துபோக, அரசரும் இளவரசியரும் ஒற்றரும் உலவும் கதைகள் நிலைத்து நிற்கின்றன. இதனை இலக்கியத் தரக்குறைவு என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் ஒதுக்குதல் விளக்கமாகாது.

இக்கட்டுரையில், அண்மையில் நாம் தொடர்ச்சியாக வாசித்த சில வரலாற்றுக் காதல் நவீனங்கள் பற்றிய எமது கருத்துகளை முறைப்படுத்திக் கூற விழைகின்றோம். வாசிப்பு என்பது எப்பொழுதும் ஓரிடத்தில் நின்று நிகழ்வது. தஞ்சையில் நின்று பொன்னியின் செல்வனைப் படிப்பதும், இலங்கையின் வடமேற்குக் கரையில் நின்று படிப்பதும் ஒன்றல்ல. நாம் தேர்ந்துகொண்ட இடம் முன்னேஸ்வரம். புத்தளம் மாவட்டத்திலே சிலாபம் நகருக்கு அண்மையில் அமைந்த இச்சிவத்தலம், ஈழத்தின் ஐந்து ஈஸ்வரங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. இந்நவீனங்கள் இலங்கையை அடிக்கடி தமது களமாகக் கொள்கின்றன. அவ்வாறிருக்க, இக்கரையைப் போன்றதோர் இடத்தின் உண்மையான வரலாற்றுக்கு அவற்றில் இடமுண்டா? இடமில்லையெனின், அது நூலாசிரியரின் தற்செயலான மறதியா, அல்லது அவ்விலக்கிய வடிவத்தின் உள்ளார்ந்த இயல்பா? இவ்வினாக்களே எமது ஆய்வுக்குரியன.

2

முதலில் வடிவம் பற்றிச் சிறிது நோக்குதல் அவசியம். ஐரோப்பாவில் வரலாற்று நாவல் வோல்ற்றர் ஸ்கொற் 1814இல் வெளியிட்ட வேவர்லியுடன் உருப்பெற்றது எனக் கொள்வர். ஹங்கேரிய மார்க்சிய அறிஞரான ஜோர்ஜ் லூக்காக்ஸ், 1930களின் பிற்பகுதியில் எழுதிய வரலாற்று நாவல் என்ற நூலில், அதன் தோற்றத்தைப் பிரெஞ்சுப் புரட்சியுடனும் நெப்போலியப் போர்களுடனும் இணைத்து விளக்கினார். இலட்சக்கணக்கான சாதாரண மக்கள் படைகளிலே சேர்க்கப்பட்டு, எல்லைகள் கடந்து, ஆட்சிகள் கவிழ்வதைத் தம் கண்ணாற் கண்ட காலம் அது. வரலாறு என்பது அரசர் பட்டியல் அன்று, தம் வாழ்க்கையை மாற்றும் ஓர் இயக்கம் என்னும் உணர்வு அப்பொழுதுதான் வெகுசனங்களிடையே தோன்றியது. ஸ்கொற்றின் கதைத் தலைவர்கள் மாவீரர்களாக அன்றி, இரு தரப்புகளுக்குமிடையே நின்று தத்தளிக்கும் நடுத்தர மனிதராக அமைந்தமையை லூக்காக்ஸ் சிறப்பாக எடுத்துக்காட்டினார். பெருந்தலைவர்கள் கதையின் ஓரத்திலே தோன்றி மறைவர். மோதும் சமூக சக்திகளே நடுவில் நிற்கும்.

தமிழில் இவ்வடிவம் வந்து சேர்ந்த வழி வேறு. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட மோகனாங்கி, தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் பலராலும் ஏற்கப்படுகின்றது. ஈழத்தவர் ஒருவர் சென்னையிலிருந்து எழுதிய அந்நாவல் ஈழத்தைக் களமாகக் கொள்ளவில்லை. தமிழகத்து நாயக்கர் காலத்தையே பொருளாக்கியது. இம்முரண் பின்னரும் நீடித்தமையை நாம் மனங்கொள்ளவேண்டும். ஈழத்து வாசகர் தமது கடந்தகாலத்தைத் தஞ்சையிலும் காஞ்சியிலும் தேடும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

அடுத்த கட்டம் கல்கியுடன் வருவது. பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் ஆகிய மூன்றும் 1940களிலும் 1950களிலும் கல்கி இதழில் தொடராக வெளிவந்தவை. அந்நிய ஆட்சி முடிவுறும் தறுவாயிலும், முடிவுற்ற உடனேயும், புதிதாக எழுச்சியுற்ற மத்தியதர வர்க்கத்தினர்க்குப் பெருமைகொள்ளத்தக்க ஒரு கடந்தகாலம் தேவைப்பட்டது. சாசனவியலும் சோழர் வரலாறு பற்றிய ஆராய்ச்சியும் அதற்கான மூலப்பொருளை வழங்கின. அச்சு முதலாளித்துவம் அதற்கான சந்தையை வழங்கியது. அகிலன், நா. பார்த்தசாரதி, ஜெகசிற்பியன், விக்கிரமன், சாண்டில்யன் முதலியோர் இப்பாதையிலே தொடர்ந்தனர்.

வாரத் தொடர் என்ற உற்பத்தி முறை வடிவத்தைத் தீர்மானித்த விதமும் கவனிக்கத்தக்கது. ஒவ்வோர் அத்தியாயமும் ஓர் அதிர்ச்சியில் முடிய வேண்டும். அடுத்த வாரப் பிரதியை வாசகர் வாங்கவேண்டும். எனவே மாறுவேடம், சுரங்கவழி, முத்திரை மோதிரம், ஒட்டுக்கேட்டல், ஆள்மாறாட்டம் ஆகியன கதையின் எலும்புக்கூடாயின. சமூக மாற்றம் மெதுவாகவும் பலர் வழியாகவும் நிகழ்வது. தொடர்கதைக்கோ வேகமாகவும் ஒருவர் வழியாகவும் நிகழும் காரணம் தேவை. சதி என்பது அத்தகைய காரணம். ஆகவே இந்நவீனங்களில் வரலாற்றை நகர்த்துவது நிலமுமன்று, வரியுமன்று, வணிகமுமன்று, சதியும் காதலுமே. வரலாற்று நாவலிலிருந்து வரலாற்றுக் காதல் நவீனத்தை வேறுபடுத்தும் அடிப்படை இதுவேயாகும். காதல் இடம்பெறுவது குற்றமன்று. காதலே வரலாற்றின் காரணமாகிவிடுவதுதான் வேறுபாடு.

3

இனி, இந்நவீனங்களிலே இலங்கை எவ்வாறு தோன்றுகிறது என்பதைப் பார்ப்போம்.

சிவகாமியின் சபதத்தில் இலங்கை இளவரசன் மானவன்மன், பல்லவ நரசிம்மவர்மனின் நண்பனாக வருகின்றான். இது வெறுங் கற்பனையன்று. மானவம்மன் காஞ்சியில் அடைக்கலம் புகுந்து, பல்லவ அரசனின் போரிற் பங்குகொண்டு, பின்னர் பல்லவரின் படையுதவியுடன் இலங்கை அரசுரிமையைப் பெற்ற செய்தியைச் சூளவம்சம் கூறுகின்றது. சிங்கள அரசமரபொன்று தமிழ்ப் படைத்துணையால் நிறுவப்பட்டமை, நாவலாசிரியன் ஒருவனுக்கு எத்துணை அரிய பொருள்! ஆயின் அக்கதையில் மானவன்மன் நட்புக்கு ஓர் எடுத்துக்காட்டாக மட்டுமே நின்றுவிடுகின்றான். மறுபுறம், கதையின் சூழ்ச்சி முழுவதற்கும் மூலமாக நிற்பவர் நாகநந்தி என்னும் பௌத்த பிக்கு. இலங்கையில் வாழும் வாசகனுக்கு இவ்வமைப்பு உறுத்தாமல் இருக்க முடியாது.

எனினும் இந்நவீனத்தின் ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. சிற்பியின் மகளான சிவகாமி அரசியாக முடிவதில்லை. அரசியல் தேவை கருதி மாமல்லன் பாண்டிய இளவரசியை மணக்கின்றான். சிவகாமி தன் கலையை இறைவனுக்கு அர்ப்பணிக்கின்றாள். நிலமானிய சமூகத்தில் கலைஞருக்கும் அரசருக்குமிடையே உள்ள தூரத்தைக் காதலால் கடக்க இயலாது என்பதைக் கல்கி இங்கு தம்மை அறியாமலே ஒப்புக்கொள்கின்றார். அவரது படைப்புகளுள் யதார்த்தத்துக்கு மிக அண்மையில் வந்த இடம் இதுவென்பது எமது கருத்து.

பொன்னியின் செல்வனில் இவ்வொப்புதல் கைவிடப்படுகின்றது. கோடிக்கரைப் படகுக்காரியான பூங்குழலி, பூக்கட்டும் சேந்தன் அமுதனை மணக்கின்றாள். ஆனால் அவன் உண்மையிலே அரசகுலத்துப் பிள்ளை என்பது பின்னர் வெளியாகின்றது. சாதாரண மக்கள் கதையின் மையத்துக்கு வரவேண்டுமாயின், அவர்கள் சாதாரண மக்களல்லர் என நிறுவப்பட வேண்டும். மறைந்திருந்த பிறப்பு வெளிப்படுதல் என்னும் உத்தி, ஏற்றத்தாழ்வை அசையாமல் வைத்துக்கொண்டே அதனை வென்றுவிட்டதான மகிழ்ச்சியை வாசகருக்கு அளிக்கின்றது.

இந்நவீனத்தின் இலங்கைப் பகுதிகள் அழகாக எழுதப்பட்டவை. மாதோட்டம், தம்பள்ளை, அனுராதபுரம் என நீளும் பயணம் இன்றும் வாசகரைக் கவர்கின்றது. அருள்மொழிவர்மன் இடிந்த விகாரைகளைச் செப்பனிடுவிக்கின்றான். பிக்குகள் நள்ளிரவிலே அளிக்கும் இலங்கை முடியை மறுக்கின்றான். படைக்கு வேண்டிய உணவை இலங்கை மக்களிடம் பறிக்காது சோழநாட்டிலிருந்து அனுப்புமாறு கேட்கின்றான். கல்கியின் காந்தியச் சார்பான மனிதாபிமானம் இங்கே புலப்படுகின்றது. பிற்காலத்தில் எழுந்த வெற்றி முழக்கங்களோடு ஒப்பிடுகையில் இது மேலானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் வரலாறு கூறுவது யாது? இதே அருள்மொழிவர்மன் இராசராசனாக முடிசூடிய பின்னர், பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் அவன் படை அனுராதபுரத்தை அழித்தது. வட இலங்கை மும்முடிச்சோழ மண்டலமாயிற்று. 1017இல் இராசேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. அவ்வரசன் சோழநாட்டுச் சிறையிலேயே 1029இல் இறந்தான். தாதுகோபங்கள் உடைக்கப்பட்டுச் செல்வம் வாரிச் செல்லப்பட்டதைச் சூளவம்சம் துயரத்துடன் பதிவுசெய்கின்றது. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் சாசனமொன்று, ஈழமண்டலத்துக் கிராமங்கள் அக்கோயிலுக்கு நெல்லும் காசும் எண்ணெயும் செலுத்தவேண்டுமென விதித்துள்ளது. நவீனத்திலே நெல் தஞ்சையிலிருந்து ஈழத்துக்கு வருகின்றது. கல்வெட்டிலோ ஈழத்திலிருந்து தஞ்சைக்குச் செல்கின்றது. வரலாற்றுக் காதல் நவீனம் செய்யும் வேலையை இதைவிடத் துலக்கமாக எடுத்துக்காட்ட முடியாது. உபரியின் ஓட்டத்தை அது திசைமாற்றிக் காட்டுகின்றது. கதை உத்தமசோழன் முடிசூடுவதுடன் நின்றுவிடுவதால், பின்னர் நிகழ்ந்தவற்றுக்குப் பொறுப்புக் கூறவேண்டிய தேவையும் ஆசிரியருக்கு எழவில்லை.

இவ்விடத்தில் மந்தாகினி என்ற பாத்திரத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். ஈழத்துக் காடுகளிலும் தீவுகளிலும் திரியும் அவள் ஊமை. அனைத்தையும் அறிந்தவள், ஆயினும் பேச இயலாதவள், சித்திரங்கள் வரைந்தே செய்தி சொல்லுபவள், சோழ மன்னனைக் காப்பதற்காகவே உயிர் துறப்பவள். ஆசிரியர் அவளைக் குறியீடாகக் கருதினார் என்று நாம் வாதிடவில்லை. ஆயினும், சோழப் பெருமையைப் பேசும் இந்நெடுங்கதையில் ஈழத்தோடு மிக நெருக்கமாகப் பிணைக்கப்பட்ட மனித உயிர் வாய்பேசாததாக அமைந்தமை, பொருள் பொதிந்த தற்செயலாகவே எமக்குப்படுகின்றது.

அகிலனின் வேங்கையின் மைந்தன், 1963ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்றது. பாண்டியரின் மணிமுடியை மீட்க இராசேந்திரன் இலங்கைமீது படையெடுப்பதே அதன் முற்பகுதி. கொடும்பாளூர் இளங்கோவும் உறுகுணையின் இளவரசி உரோகிணியும் காதலராகின்றனர். படையெடுக்கப்பட்ட நாடு ஒரு பெண்ணாகவும், படையெடுத்த நாடு ஓர் ஆடவனாகவும் உருமாறுகின்றன. ஆக்கிரமிப்பு காதலாகக் கனிகின்றது. உரோகிணியின் மனப்போராட்டத்துக்கு அகிலன் உண்மையான இடமளித்துள்ளார். தந்தையின் நாட்டுப்பற்றுக்கும் தன் நெஞ்சுக்குமிடையே அவள் படும் வேதனை போலியானதன்று. ஆயினும் அவ்வேதனைக்குக் கதை தரும் தீர்வு, தோற்ற நாட்டின் மகள் வென்ற நாட்டின் மருமகளாவதுதான்.

சாண்டில்யனின் கடல் புறாவைப் பற்றி ஓரிரு வார்த்தைகள். கருணாகரத் தொண்டைமானைக் கப்பற் தலைவனாக்கி, கீழைக்கடல் வணிகப் பேரரசைக் களமாக்கியமை துணிவான முயற்சி. கப்பல், காற்று, துறைமுகம், போர்த்தந்திரம் பற்றிய தகவல்கள் நிறைய உள்ளன. ஆனால் அக்கப்பல்களில் ஏற்றப்பட்ட சரக்கு யாது, அதனை விளைவித்தவர் யாவர், கடலிலிறங்கி உழைத்தவர் யாவர் என்பன கேட்கப்படுவதேயில்லை. பெண்ணுடல் வருணனை அவ்விடைவெளியை நிரப்புகின்றது. வாசகரை இழுக்கும் ஆற்றல் சாண்டில்யனுக்கு நிரம்ப உண்டு. இழுத்துச் செல்லும் இடந்தான் வெறுமையானது.

4

இப்பொழுது முன்னேஸ்வரத்துக்கு வருவோம்.

முன்னேஸ்வரத்தைப் பற்றித் தலபுராண மரபு கூறுவது, இராவணனைக் கொன்ற பழி நீங்க இராமன் இங்கு சிவனை வழிபட்டான் என்பதாகும். இது ஐதிகம். ஆவணச் சான்றுகளோ வேறொரு கதையைக் கூறுகின்றன. அது எந்தக் காதல் நவீனத்தையும் விட வியப்பானது.

கோட்டை இராச்சியத்தை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு (1412–1467), யாழ்ப்பாண அரசைத் தன் படையால் வென்றவன்; தளபதி சப்புமல் குமாரயனின் அவ்வெற்றியைக் கோகில சந்தேசம் என்ற சிங்களத் தூதுகாவியம் பாடுகின்றது. தமிழ் அரசொன்றை வீழ்த்திய இச்சிங்கள பௌத்த மன்னன், முன்னேஸ்வரத்துச் சிவன்கோயிலுக்கு நிலங்களையும் பூசைக்கான படித்தரங்களையும் அளித்துள்ளான். அதற்கான சாசனம் சமஸ்கிருத மொழியில், கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டு அக்கோயிலிலேயே உள்ளது. சிங்கள அரசன், சமஸ்கிருத மொழி, தமிழ்நாட்டிலே வழங்கிய எழுத்து, சைவப் பிராமணர்: இந்நான்கும் ஒரே கல்லில் அமைதியாகக் கூடியிருக்கின்றன. இக்காலத்து இனவாதக் கண்ணோட்டத்துக்கு அக்கல் விடுகதையாகத் தோன்றலாம். நிலமானிய அரசியலை அறிந்தோர்க்கு அதில் விடுகதை எதுவுமில்லை. முத்தும் மீனும் வணிகமும் நிறைந்த ஒரு கரையோரத்தில், அங்குள்ள குடிகளின் விசுவாசத்தைப் பெறுவதற்கு அவர்களது கோயிலைப் பேணுதல் அரசுக்கு அவசியமாயிருந்தது. மதநல்லிணக்கம் என்று நாம் இன்று புகழ்வதற்கு அடிப்படையாக ஒரு பொருளியல் ஏற்பாடு இருந்தது. அதனை உணர்வது அவ்விணக்கத்தைச் சிறுமைப்படுத்துவதாகாது. அதற்கு நிலத்தில் வேர் உண்டு எனக் காட்டுவதாகும்.

1578இல் போத்துக்கேயர் கோயிலை இடித்தனர். சீதாவாக்கை அரசின் காலத்தில் மீண்டும் எழுந்த கோயில், மீண்டும் போத்துக்கேயரால் அழிவுற்றது. பின்னர் 1753இல் கண்டியரசன் கீர்த்திசிறீ இராசசிங்கனின் ஆதரவுடன் அது புதுப்பிக்கப்பட்டது. அவன் மதுரை நாயக்கர் உறவினன். அதே 1753இல், சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, இலங்கையில் அற்றுப்போயிருந்த பௌத்த உபசம்பதாவை மீள நிறுவியவனும் அவனே. தென்னிந்திய வமிசத்தவனான அரசனொருவன், ஒரே ஆண்டில் பௌத்த சங்கத்துக்கும் சைவக் கோயிலுக்கும் மறுவாழ்வளித்தான். நாயக்கர் கதையை முதன்முதல் நாவலாக்கிய ஈழத்துச் சரவணமுத்துப்பிள்ளையின் கண்ணுக்கு, ஈழத்தில் அரசோச்சிய இந்நாயக்கன் படாமற்போனமை எண்ணத்தக்கது.

இக்கரையின் பின்புலம் இன்னும் பழையது. 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபுன் பதூதா, பத்தாளா என்னும் துறையில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தான். அது புத்தளமென்பது அறிஞர் கருத்து. பாரசீக மொழி தெரிந்த அத்தமிழ் அரசன் அவனுக்கு முத்துகளைக் காட்டி, சிவனொளிபாதமலைக்குச் செல்லவும் உதவினான். அப்பயணத்தில் அவன் கடந்த பந்தர் சலாவாத் என்னும் இடம் சிலாபம் என அடையாளங் காணப்படுகின்றது. முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்னும் சொல்லின் ஒலி அவ்வூர்ப்பெயரிற் கேட்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கற்பிட்டியிற் பிறந்து, தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, சிலாபத்தில் நீதிபதியாகப் பணிபுரிந்தவர். அறிவுமரபற்ற கரையன்று இது.

இன்றும் ஆவணித் திருவிழாக் காலத்தில் முன்னேஸ்வரத்துக்கு வருவோருட் பெருந்தொகையினர் சிங்கள மக்கள். சிவன்கோயிலுக்கு அருகே பத்திரகாளி கோயிலும், ஐயனார் கோயிலும், பௌத்த விகாரையும் உள்ளன. சற்று வடக்கே உடப்பு என்னும் மீனவக் கிராமத்தில், கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்களும், திரௌபதை அம்மன் கோயிற் தீமிதிப்பும் தமிழிலேயே நிலைத்துள்ளன. அதேவேளை, சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட ஊர்கள் பலவற்றில், ஒருகாலத்தில் தமிழ் பேசிய குடும்பங்கள் கல்விமொழி மாற்றத்தோடு சில தலைமுறைகளுக்குள் சிங்களம் பேசுவோராயின. போர் எதுவும் இல்லாமல், வாள் எதுவும் உருவப்படாமல், வகுப்பறையிலும் வீட்டிலும் நிகழ்ந்த வரலாறு அது.

5

இவ்வரலாற்றை வரலாற்றுக் காதல் நவீனம் ஏற்குமா? ஏற்காது என்பதே எமது முடிபு. காரணங்கள் மூன்று.

முதலாவது, அந்நவீனத்துக்குத் தூய்மையான இரு தரப்புகள் தேவை: சோழர்–பாண்டியர், பல்லவர்–சாளுக்கியர், தமிழர்–சிங்களவர். யாழ்ப்பாணத்தை வென்று முன்னேஸ்வரத்தைப் பேணிய பராக்கிரமபாகுவை அது நாயகனாக்கவும் இயலாது, பகைவனாக்கவும் இயலாது. இரண்டாவது, அதற்குச் சிகரக் கணங்கள் தேவை. மொழிமாற்றம் போன்ற மெதுவான மாற்றங்களுக்குச் சிகரக் கணம் இல்லை. மூன்றாவது, உழைப்பு அதன் கண்ணுக்குப் படுவதில்லை. இளவரசியின் கழுத்திலே முத்துமாலை ஒளிரும். ஆனால் மூச்சடக்கி ஆழத்துக்குச் சென்றவனும், படகில் அவனது கயிற்றைப் பிடித்திருந்தவனும், சுறாவின் வாய் கட்ட மந்திரம் ஓதியவனும், முத்தில் அரசனுக்குரிய பங்கைப் பிரித்தெடுத்த அதிகாரியும் வருவதில்லை.

இது தமிழ் நவீனத்துக்கு மட்டும் உரிய குறையன்று. சிங்களத்தில் டபிள்யூ. ஏ. சில்வாவின் விஜயபா கொல்லய, 1521இல் கோட்டை அரசன் விஜயபாகு கொல்லப்பட்ட நிகழ்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு காதலை முன்னணியில் நிறுத்திய நவீனம். பல தலைமுறைச் சிங்கள வாசகரைக் கவர்ந்து, 2019இல் திரைப்படமும் ஆயிற்று. ஒரே தீவில் இரு மொழி வாசகரும் இருவேறு அரண்மனைகளிலே கனவு காண்கின்றனர். இரு கனவுகளும் ஒரே சந்தைத் தர்க்கத்தின் விளைவுகள், ஒன்றையொன்று அறியாதவை.

கனவுகள் தீங்கற்றவையென்று கூறும் நிலையில் இலங்கையர் எவரும் இல்லை. துட்டகைமுனுவின் கதை ஒரு பக்கத்திலும், சோழரின் புலிக்கொடி மறுபக்கத்திலும் இருபதாம் நூற்றாண்டு அரசியலுக்குச் சின்னங்களாயின. 1983 முதல் 2009 வரை நீடித்த போரை நவீனங்கள் உண்டாக்கவில்லை. நிலம், வேலை, கல்வி, மொழி, அரசதிகாரம் ஆகியவற்றின் முரண்பாடுகளே உண்டாக்கின. ஆயினும் அம்முரண்பாடுகளை மக்கள் எந்த உருவங்களின் வழியாக உணர்ந்தனர் என்னும் கருத்துநிலைத் தளத்தில், வாரந்தோறும் வாசித்த கதைகளுக்கும் பங்குண்டு. இதுவே இப்பொருளை இலக்கிய ரசனைக்கு அப்பாலும் முக்கியமாக்குவது.

6

எமது கண்டனத்துக்கு எதிராக இரு வாதங்கள் எழக்கூடும். அவை நியாயமானவை, விடை வேண்டுபவை.

ஒன்று: வாசகர் இன்பத்துக்காகப் படிக்கின்றனர், அவர்களிடம் கல்வெட்டை நீட்டுவது முறையா? இன்பத்தை நாம் எதிர்க்கவில்லை. வரலாற்றை உழைப்பாளரின் கண்கொண்டு நோக்க விழையும் முற்போக்காளர் சிலர், இந்நவீனங்களைப் போதைப்பொருளென ஒதுக்கிய காலம் உண்டு. 1970களில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரிப் பிரசுரங்கள் முதலான உள்ளூர் வெளியீடுகள் தழைத்தன என்பது உண்மை. ஆனால் 1977க்குப் பின் சந்தை திறக்கப்பட்டதும் பழைய நவீனங்கள் அதே வேகத்தில் திரும்பிவந்தன என்பதும் உண்மை. தடையால் ரசனையை மாற்ற முடியாது என்பதே இதன் பாடம். நிகழ்காலத்தில் தமக்கு மறுக்கப்பட்ட பெருமையையும் செயலாற்றலையும் கடந்தகாலத்தில் தேடும் மக்களின் ஏக்கம் போலியன்று. குந்தவையைப் படித்த பெண்கள் பலர், அரசியலில் அறிவுரை கூறும் ஒரு பெண்ணைத் தமிழ்க் கதையில் முதன்முறையாகக் கண்டனர். பூங்குழலி தனியே கடலில் படகு செலுத்துவதைப் படித்த கரையோரச் சிறுமிக்கு அது வெறும் பொழுதுபோக்கன்று.

மற்றொன்று: நாவல் வரலாற்று நூலன்று, கற்பனைக்கு உரிமை உண்டு. உண்டு. ஆயின் கற்பனை எதற்குப் பயன்படுகின்றது என்பதே கேள்வி. ஆவணம் பேசாத இடத்தில் பேசுவதற்கும் அதனைப் பயன்படுத்தலாம். ஆவணம் பேசுவதை மூடுவதற்கும் பயன்படுத்தலாம். பிரபஞ்சன் மானுடம் வெல்லும், வானம் வசப்படும் ஆகிய நாவல்களில் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் வணிகரையும் தாசியரையும் அடிமைகளையும் கதைக்குள் கொணர்ந்தார். சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் (2008) மதுரையின் வரலாற்றைக் காவற்குடிகளின் பக்கத்திலிருந்து எழுத முயன்றது. இவை குறைகளற்றவையல்ல. ஆயினும் அரண்மனையிலிருந்து தெருவுக்கு வரும் வழி தமிழிலும் உண்டென்பதை இவை நிறுவியுள்ளன. க. கைலாசபதி தமிழ் நாவல் இலக்கியம் (1968) என்ற நூலிலும், கா. சிவத்தம்பி நாவலும் வாழ்க்கையும் (1978) என்ற நூலிலும் நாவலைச் சமூக இயக்கத்துடன் வைத்து நோக்கும் முறையை நமக்கு அளித்தனர். அம்முறை சமூக நாவலுக்கு மட்டும் உரியதன்று. வரலாற்று நாவலுக்கே அது இன்னும் கூடுதலாக வேண்டப்படுவது.

7

முன்னேஸ்வரக் கரையை எழுதும் ஒரு வரலாற்று நாவல் எவ்வாறு அமையலாம் என்று நாம் எண்ணிப் பார்க்கின்றோம். அதன் காலம் 1578 ஆகலாம். அதன் தலைவன் அரசனாக இருக்கத் தேவையில்லை. போத்துக்கேயரின் கோட்டைக்கும் சீதாவாக்கையின் பாசறைக்கும் இடையே அலைக்கழியும் கரையோரக் குடியானவன் போதும். லூக்காக்ஸ் கூறிய நடுத்தர மனிதன் அவனே. அவனது தம்பி ஞானஸ்நானம் பெற்றிருக்கலாம். கரையை ஆள்பவர்க்கு வரி செலுத்த அதுவும் ஒரு வழி. அவனது மனைவி சிங்களம் பேசுபவளாக இருக்கலாம். அதுபற்றி அவ்வூரில் எவரும் வியந்திருக்க மாட்டார். கோயில் இடிக்கப்படும்போது இழப்பது தெய்வத்தை மட்டுமன்று. கோயில் நிலத்தில் உழுதவனின் குத்தகையையும், பறை அறைந்தவனின் பங்கையும், விளக்கெரித்தவளின் படியையுமாகும். அங்கும் காதல் இருக்கும்; ஆனால் அக்காதலுக்குச் சாதியும் மதமும் கடனும் குறுக்கே நிற்கும். அவற்றை ஒரு மறைந்திருந்த அரசப் பிறப்பால் தீர்த்துவிட முடியாது.

அத்தகைய நாவலை எழுதுவோர் தமிழும் சிங்களமும் அறிந்தவராக இருத்தல் வேண்டும்; கிரந்தச் சாசனத்தையும், போத்துக்கேயர் ஆவணங்களையும், அம்பாப் பாடலையும் ஒருசேரக் கேட்கத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும். நமது பல்கலைக்கழகங்களில் வரலாற்றுத் துறையும் தமிழ்த்துறையும் சிங்களத்துறையும் ஒன்றையொன்று சந்திக்காதவரை அது கடினமே. ஆகவே இது எழுத்தாளரின் பணி மட்டுமன்று; ஆய்வாளராகிய எமது கடமையும் ஆகும். அக்கரையின் சாசனங்களையும் வாய்மொழி வழக்காறுகளையும் இரு மொழி வாசகரும் எளிதில் பெறக்கூடிய வகையில் பதிப்பித்துத் தருவது முதற்படி.

பொன்னியின் செல்வனை வாசிக்க வேண்டாமென நாம் எவருக்கும் கூறவில்லை. வாசிக்கட்டும், மகிழட்டும். ஆயின் அதனை மூடிவைத்த பின்னர், தஞ்சைக் கல்வெட்டில் ஈழத்து நெல் எத்திசையிற் சென்றது என்பதையும், முன்னேஸ்வரத்துக் கல்லில் எந்த அரசன் எக்கோயிலுக்கு நிலம் அளித்தான் என்பதையும் அறிந்துகொள்ளட்டும். இவ்விரண்டையும் அறிந்த வாசகனை, எந்த அரண்மனையின் பெயராலும் தன் அயலவனுக்கு எதிராக நிறுத்துதல் எளிதாகாது.